கியோட்டோவில் நான் சொல்லாமல் விட்டது

தம்பி,

இன்று சாயங்காலமும் நீ வருவாய். இந்த ஹோட்டலின் வரவேற்பறையில், கண்ணாடிக் கதவை ஒட்டிய சோபாவில் உட்கார்ந்து, லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பாய். நான் மட்டும் இறங்கி வருவேன். அப்போது இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பதாக இருக்கிறேன். நேற்று நீ கேட்டதற்கு நேரிலேயே பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு வாயால் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான். மேலாளர் கேட்ட கேள்விக்கு அவர் அறையில் தலையாட்டிவிட்டு, வரைபடப் பிரிவுக்குத் திரும்பி வந்து, நிதானமாக ஒரு பக்கம் எழுதி அனுப்புவேன். உன் அம்மா நான் எழுதும் எதையும் படிப்பதில்லை. "ஒங்க லெட்டரு ஆபீஸ் சர்க்குலர் மாதிரில்லா இருக்கு" என்பாள். அந்தத் தைரியத்தில்தான், அவள் கட்டிலில் சாய்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதே அறையின் மேஜையில் இதை எழுதுகிறேன். பெயர் எதையும் எழுதவில்லை. வேறு யார் கையில் கிடைத்தாலும், மகனின் விசாவில் துபாயில் காலம் தள்ளிய ஏதோ ஒரு அப்பா எழுதியது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

நீ கேட்டது இது. வெள்ளிக்கிழமை நீ மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கனடாவுக்கு விமானம் ஏறுகிறாய். அதற்குள் அம்மா உன்னிடம் ஒரு தடவையாவது பேச வேண்டும். அவள் பேசுவதற்கு நான் ஒரே ஒரு உண்மையை அவளிடம் சொல்ல வேண்டும். "அப்பா, உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு மட்டும் சொல்லிடுங்க. ப்ளீஸ்ப்பா. நான் மட்டுமே சீட் பண்ணிட்டேன்னு நினைச்சிட்டு இருக்காங்க" என்றாய். நான் "பார்க்கலாம்" என்றேன். யோசித்துப் பார்த்தேன். விவரம் கீழே.

எங்கள் இருவரின் கியோட்டோ பயணத்தை நீ அறிவித்த நாளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த நாளை அம்மா இன்னும் விட்டபாடில்லை. துபாய் மரீனாவில் உன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு டிக்கெட்டுகளை மேஜையில் வைத்தாய். எங்கள் வாழ்க்கையில் விமானம் என்றால் ஊருக்குப் போவது, அட்டைப்பெட்டி கட்டுவது, சொந்தக்காரர்கள் வீட்டில் வரிசையாகத் தலையைக் காட்டுவது, திரும்பி வருவது. சும்மா சுற்றிப் பார்க்க, சும்மா சாப்பிட என்று நாங்கள் எங்கும் போனதில்லை. "ஜப்பானா? அங்க நமக்குச் சோத்துக்கு என்னல பண்ணச் சொல்லுத?" என்றாள் அம்மா. நீ சிரித்துக்கொண்டே ஓர் அட்டையைக் காட்டினாய். இறைச்சி, மீன், முட்டை, மீன் போட்டுக் கொதிக்க வைத்த சாறு எதுவும் நாங்கள் தொட மாட்டோம் என்று ஜப்பானிய மொழியில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாய். எங்கள் வீட்டுப் பக்கத்து மீனா பஜாரில் பூ வாங்கப் போன இடத்திலெல்லாம் அவள் அந்த அட்டையைக் காட்டிப் பெருமையடித்தாள். எங்கள் கட்டடத்தில் பூச்சிமருந்து அடிக்கப் போகிறார்கள், நகை, சர்ட்டிஃபிகேட், பாங்க் புத்தகம் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள் என்று நீ சொன்னபோதும் அவளுக்கு அது உன் கரிசனமாகவே பட்டது. எனக்கு லேசாக உறுத்தியது. கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்க என் டிகிரி சர்ட்டிஃபிகேட் எதற்கு ஊரை விட்டு வெளியேற வேண்டும்? நான் கேட்கவில்லை. சந்தேகங்களை அடக்கிக்கொள்வதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு.

கியோட்டோவைப் பற்றி உனக்கு நாங்கள் அனுப்பிய படங்களில் இல்லாத சிலதைச் சொல்கிறேன். நாங்கள் எதற்கும் அவசரப்படவில்லை. காலையில் விடுதிக்கு எதிரே ஒரு பழைய காப்பிக்கடையில் உட்காருவோம். அங்கே கை அகலத்துக்குத் தடித்த ரொட்டியை வாட்டி, வெண்ணெய் தடவித் தருவார்கள். அம்மா அதைப் பிய்த்து என் தட்டில் பாதி வைப்பாள். பிறகு ஆற்றங்கரை. ஆற்றின் குறுக்கே ஆமை வடிவில் கற்கள் போட்டிருந்தார்கள். உன் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தாவிப் போனாள். நான் பாலத்தின் வழியாகச் சுற்றிப் போனேன். அக்கரையில் இடுப்பில் கைவைத்து நின்று, "நாப்பது வருசமா இப்படித்தான் சுத்தி வாரீய" என்று சிரித்தாள். மலையடிவாரக் கோயிலில் சிவப்பு மரவாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குகை போல ஏறிப் போயின. அவற்றின் நடுவே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இலையெல்லாம் சிவந்து கிடந்த பருவம். நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு சந்துக்குள் நூடுல்ஸ் கடையைக் கண்டோம். நாலே மேஜை. அட்டையைக் காட்டினோம். பரிமாறிய பெண் தலையாட்டிவிட்டுப் போய் இரண்டு கிண்ணங்கள் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. அம்மா கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி வாயருகே கொண்டுபோனபோது, அடுப்பறையிலிருந்து கடைக்கார அம்மாள் ஓடிவந்தாள். என் வயதிருக்கும். அட்டையை அப்போதுதான் படித்திருக்கிறாள் போல. அம்மாவின் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடித்து, மெதுவாக, ஆனால் விடாமல் கீழே இறக்கினாள். சாற்றைக் காட்டி, கையை நெளித்து மீன் போல ஆட்டிக் காட்டினாள். பிறகு எங்கள் முன்னால் இடுப்பு வரை குனிந்து குனிந்து எழுந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெறும் சோறும் டோஃபுவும் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தாள். வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "நல்ல வாசனைங்க அது. இன்னும் ஒரு நிமிசம் விட்டிருந்தா குடிச்சிருப்பேன். பொறவு தெரிஞ்சிருந்தா ஒங்களத்தான் கொன்னிருப்பேன்."

அதற்கு இரண்டு நாள் கழித்து நம் கட்டடக் காவலாளி பாய் போன் செய்தார். நாங்கள் கூரை போட்ட பழைய கடைத்தெருவில் இருந்தோம். ஊறுகாய்க் கடைகளில் பல்குச்சியில் குத்திச் சுவை பார்க்கக் கொடுப்பார்கள். அம்மா முள்ளங்கியிலிருந்து கத்தரிக்காய்க்கு, கத்தரிக்காயிலிருந்து பூசணிக்கு என்று கடை கடையாக நகர்ந்துகொண்டிருந்தாள். நான் ஒரு தூணோரம் ஒதுங்கிப் போனை எடுத்தேன்.

"ஸார், தப்பா நெனைக்காதீங்க. அந்த ஃப்ரிட்ஜ மட்டும் நான் ரூமுக்கு எடுத்துக்கவா?"

"எந்த ஃப்ரிட்ஜ், பாய்?"

"உங்க வீட்டு ஃப்ரிட்ஜுதான் ஸார். கட்டில் பீரோவெல்லாம் நேத்தே எறக்கிட்டாங்க. தம்பி 'கலாஸ் பாய், முடிஞ்சுது, ஒண்ணும் வேணாம், எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க'ன்னுட்டாப்ல. கார்கோ போற பெட்டி தனியாப் போயிருச்சு. மிச்சத்துக்கு பலதியா குப்பை வண்டி வருது. கிரைண்டர் வேற நல்ல கண்டிஷன்ல இருக்கு ஸார். மனசு கேக்கல. அம்மா ஏதாச்சும் சொல்வாங்களோன்னுதான் ஒரு வார்த்தை கேட்டேன்."

"எடுத்துக்கங்க பாய்" என்றேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். "ஊருக்குப் போயி சந்தோசமா இருங்க ஸார். உங்களை மாதிரி டீசன்ட்டான ஃபேமிலி இனிமே இந்த பில்டிங்குக்கு வராது" என்றார். நம் வீடு காலியான செய்தியை, அதைக் காலி செய்ய உதவிய மனிதர் எனக்கு வாழ்த்தாகச் சொன்னார். நீ சொல்லவில்லை.

உடனே உன்னை அழைத்தேன். நீ எடுத்ததும் மூச்சை இழுத்து விட்ட சத்தத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வீட்டு ஒப்பந்தம் உன் பெயரில், அது அந்த வாரத்தோடு முடிகிறது. கனடா போவதற்காக உன் விசாவை ரத்து செய்யுமுன் எங்கள் விசாவை ரத்து செய்தாக வேண்டும். கோயம்புத்தூரில் வயதானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் வீடு தயாராக இருக்கிறது. நாங்கள் துபாயில் இறங்கும் அன்று மாலையே கோயம்புத்தூருக்கு அடுத்த விமானம். எல்லாவற்றையும் நீ கோர்வையாகச் சொன்னாய். கோர்வையாகச் சொல்வதை என்னிடம்தான் கற்றிருப்பாய். "ஊருக்குப் போற பேச்செடுத்தாலே அம்மா பிரஷர் மாத்திரையைத் தேடறாங்கப்பா. வீட்டைக் காலி பண்றதைக் கண்ணால பார்த்தா தாங்க மாட்டாங்க. அதான் இந்த ட்ரிப். நல்ல மெமரியோட போகட்டும்னு." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "நீங்களே சொல்லிடுங்கப்பா. அங்க ஹேப்பியா இருக்காங்க இல்ல, அந்த மூட்ல சொன்னா ஈஸியா எடுத்துப்பாங்க. என்னால முடியாது" என்றாய். நான் "சரி" என்றேன்.

அந்தச் சரியை நான் நிறைவேற்றவில்லை. அது உனக்குத் தெரியும். ஏன் என்பதுதான் உனக்குத் தெரியாது. பயம் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அன்று சாயங்காலம் வரை பயம்தான். அவள் பூசணி ஊறுகாய்ப் பொட்டலத்தோடு வந்து, "யாரு போன்ல?" என்று கேட்டபோது, "பாய். பூச்சிமருந்து அடிச்சாச்சாம்" என்றேன். நாக்கு தானாகச் சொன்னது. அடுத்த கடை துணிக்கடை. ஜப்பானியர்கள் வாசலில் பாதி உயரத்துக்குத் தொங்கவிடும் நீலச் சாயத் துணிகளை விற்றார்கள். நடுவே பிளந்திருக்கும், வெள்ளையில் ஒரு கொக்கு. அம்மா அதை விரித்துப் பிடித்து, "நம்ம அடுக்களை வாசலுக்கு அளவா இருக்குமா? நீங்கதான் அளவெல்லாம் மனசுல வச்சிருப்பியளே" என்றாள். நம் அடுக்களை வாசல் எண்பத்தைந்து சென்டிமீட்டர். சொன்னேன். கடைக்காரர் அளந்து பார்த்து, சரியாக இருக்கும் என்று தலையாட்டினார். அவள் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டாள். இல்லாத வீட்டின் அளவை நான் ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன். அந்த நிமிஷத்தில் பயத்தோடு வேறொன்றும் எனக்குள் வந்தது. அதற்குப் பெயர் வைக்கப் பல நாள் தயங்கினேன். இப்போது வைக்கிறேன். அது உன் மேல் வன்மம்.

நான் நினைத்தது இதுதான்: இவள் வாங்கட்டும். ஒவ்வொன்றாக வாங்கட்டும். மேஜைக்குக் கிண்ணம், பால்கனிக்கு மணி, பூஜை அலமாரிக்கு ஊதுவத்திக் குழாய். எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துபாய் விமான நிலையத்தில் உன் முன்னால் வந்து நிற்கட்டும். அப்போது நீ சொல். உன் நல்லெண்ணத்தை அவள் முகத்துக்கு நேரே உன் வாயால் சொல். அந்த முகத்தை நீ பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை வந்தபிறகு எனக்கு வாய் நன்றாகவே வந்தது. "இந்தக் கிண்ணம் டிவி பக்கத்துல வைக்கலாமா, ஷோகேஸ்லயா?" என்று அவள் கேட்டால் யோசித்துப் பதில் சொன்னேன். ஒரு தடவை நானாகவே, "சோபா உறையை மாத்தணும், அதுக்கும் துணி பாக்கலாம்" என்றேன். சோபா அப்போது குப்பை வண்டியில் போயிருக்கும். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். வீட்டு விஷயத்தில் நான் இப்படியெல்லாம் அக்கறை காட்டியதில்லையாம்.

இதைப் படித்ததும் நீ என்னை வெறுப்பாய். வெறுக்குமுன் இன்னொன்றையும் தெரிந்துகொள். பயணத்தின் கடைசியில் ஒரு கோயில் குளக்கரையில் உட்கார்ந்து, கடலைமாவில் புரட்டிய ஒரு வழுவழுப்பான பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சோயா மாவு என்று பிறகு சொன்னார்கள், அம்மா கடைசிவரை கடலைமாவு என்றே சாதித்தாள். குளத்தில் தடித்த சிவப்பு மீன்கள். அவற்றைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஃபஹாஹீல்ல பய வளத்தானே, அந்த மீனு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. உனக்கும் இருக்கும். குவைத்தில் என் கம்பெனி மூடியபோது நீ மூன்றாம் வகுப்பு. லீவுக்கு ஊருக்குப் போகிறோம் என்று உன்னிடம் சொன்னோம். கீழ்வீட்டுப் பையனிடம் மீன் தீனி டப்பாவைக் கொடுத்து, ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை என்று சொல்லிக் காட்டிவிட்டு வந்தாய். நாம் திரும்பிப் போகவே இல்லை. ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபிறகும், பிறகு துபாய் வந்தபிறகும், இப்போ மீனுக்கு யார் தீனி போடுவாங்க என்று பல மாதம் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டாய்.

"லீவுன்னு சொன்னதும் எப்படி நம்பிட்டான் பாத்தியளா! நீங்க அவன்கிட்ட சொல்லிருவோம் சொல்லிருவோம்னு பொலம்புனீய. நான்தான் சொல்லக்கூடாதுன்னேன். சொல்லியிருந்தா பிளைட்டுல ஏத்தியிருக்க முடியுமா அவன?" வாயில் மாவு ஒட்டியிருக்க அவள் சிரித்தாள். "சின்னப்பிள்ளைக்கு ரெண்டு நாள் அழுகை. அம்புட்டுத்தான்."

அது அவள் யோசனை என்று உன்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. நீ என்னைத்தான் நினைத்திருப்பாய். டிக்கெட் எடுத்தவன் நான் என்பதால் அது இயல்பு. ஒருவனை எங்கே கொண்டுபோகிறோம் என்று சொல்லாமல் விமானத்தில் ஏற்றும் கலையை நீ கற்றது அவளிடம். அன்று அவள் சிரித்தபோது நான் அவளுக்காக இரக்கப்படுவதையும் நிறுத்திவிட்டேன். உன் மேல் இருந்த வன்மத்தில் ஒரு சிறு பங்கு அவள் பக்கமும் போனது. இலைகளை மிதித்துக்கொண்டு விடுதிக்கு நடக்கும்போது, நாளை மறுநாள் இவளுக்கும் இரண்டு நாள் அழுகை, அவ்வளவுதான் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். நான் அப்படிப்பட்டவனா என்று எனக்கே சந்தேகம். பலமுறை திருப்பித் திருப்பி யோசித்துவிட்டேன். அப்படிப்பட்டவன்தான்.

விமான நிலையத்தில் நடந்ததை நீயே பார்த்தாய். ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து எழுதுகிறேன். நீ தனியாக வந்திருந்தாய். கையில் பூங்கொத்து. அம்மா உன் கன்னத்தைத் தடவி, ஒரு பையை உன் கையில் திணித்து, "ஒனக்குப் பச்சைத்தேயிலை அல்வா" என்றாள். பிறகு, "சாவியைக் குடுல. நீ ஆபீஸுக்குப் போ, நாங்க டாக்ஸி புடிச்சிக்கிடுதோம். வீட்டுல பால் இருக்கா?" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நான் தள்ளுவண்டியின் சக்கரத்தில் ஏதோ சிக்கியிருப்பது போலக் குனிந்தேன்.

"அம்மா... அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?" அவள் என் பக்கம் திரும்பினாள். "என்னங்க சொல்லுதான் இவன்?"

நான் நிமிர்ந்தேன். இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "எனக்கென்ன தெரியும்? நானும் உங்கூடத்தான இருந்தேன்" என்றேன்.

நீ வாயைத் திறந்தாய். மூடினாய். பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாய். நான் உன்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். அவள் அழவில்லை. சாவிக்காக நீட்டிய கையை மடக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "நீ செஞ்சதையும் செஞ்சிட்டு, அப்பாவுக்குத் தெரியும்னு அவிய மேல பழி வேற போடுதியா?" என்றாள். நீ குனிந்து பூங்கொத்தைப் பார்த்தாய். அவள் தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, "நான் எதுலயும் ஏறமாட்டேன். எப்பப் போகணுமோ அப்ப நானே போவேன். நீ போ" என்றாள். அதுதான் அவள் உன்னிடம் பேசிய கடைசி வார்த்தை.

நீ என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததை நான் பலவாறு யோசித்தேன். பெருந்தன்மை என்று முதலில் தோன்றியது. பிறகு தோன்றியது வேறு. நீ என் மகன். ஒரு சங்கடம் வந்தால் குனிந்து சக்கரத்தைப் பார்க்கிற ரத்தம். அன்று உன்னால் என்னை எதிர்த்துப் பேச முடியவில்லை, அவ்வளவுதான். இப்போது மீண்டும் என்னிடமே வந்து, நீங்களே சொல்லிடுங்கப்பா என்கிறாய். உனக்கு நான் தரக்கூடிய ஒரே புத்திமதி இதில்தான் இருக்கிறது. உன் மகளிடம் ஒரு நாள் ஏதாவது கசப்பானதைச் சொல்ல வேண்டிவரும். அவளுக்கு முதலில் ஐஸ்க்ரீம் வாங்கித் தராதே. அப்புறம் அவளுக்கு ஐஸ்க்ரீமும் பிடிக்காமல் போகும். உன் மனைவியை அனுப்பிச் சொல்லச் சொல்லாதே. அவள் சொல்லாமல் விட்டால் அதற்கும் நீதான் பொறுப்பு. நீ நல்லவன், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்களுக்கு இதைச் செய்ய அந்த நல்லதனமே உனக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த ஹோட்டலில் எங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டாய். நன்றாக இருக்கிறோம். ஒரே அறை, மூலையில் ஒரு மின்னடுப்பு. உன் அம்மா காலையில் உப்புமா கிண்டி முதல் தட்டை எனக்குத் தருகிறாள். "பாவம், ஒங்களையும்லா ஏமாத்திட்டான். ஒங்க மனசு எப்படிக் கெடந்து அடிச்சுக்கிடும்" என்று என் நெற்றியில் தைலம் தடவிவிடுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு உன் மேல் ஒரு கண்ணும் என் மேல் அரைக் கண்ணும்தான். நீ பிறக்குமுன் உனக்காகக் காத்திருந்தாள், பிறந்தபின் உன்னையே பார்த்திருந்தாள். இப்போதுதான் முழுதாக என்னைப் பார்க்கிறாள். எங்கள் பழைய தெருப் பக்கம் போக வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். காவலாளி பாய் அவள் கண்ணில் படாமல் இருப்பதற்கு அது வசதி. கோயம்புத்தூர் போகவும் சம்மதித்துவிட்டாள். "நீங்க இருக்கீய, போதும்" என்றாள். இப்படி ஒரு வார்த்தையை நான் இந்த வயதில் எதிர்பார்க்கவில்லை. நான் உண்மையைச் சொன்னால் அவள் உன்னிடம் பேசுவாள், சரிதான். கியோட்டோவில் அவளோடு சேர்ந்து சோபாவுக்குத் துணி தேடியவனிடம் என்ன பேசுவாள்? உனக்கு மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள், பனி பெய்கிற புது நாடு இருக்கிறது. யாரையும் தெரியாத ஊரில், ஒரு வீட்டுக்குள், அவளோடு மிச்ச நாளைக் கழிக்கப் போகிறவன் நான். ஆகவே உன் கோரிக்கைக்கு என் பதில்: சொல்ல மாட்டேன்.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதமும் இன்னொரு பொய்யாகிவிடும். நீ சோபாவில் உட்கார்ந்து, அம்மா பிடிவாதமாக மேலேயே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். முதல் நாள் பிடிவாதம்தான். மறுநாள் சாயங்காலம் நான் உன்னைப் பார்த்துவிட்டு மேலே போனபோது, அவள் தலைசீவிப் பொட்டு வைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். "கீழ பய வந்திருக்கானா?" என்று கேட்டாள். நான் "இல்லையே" என்றேன். அதற்கு மறுநாளும் கேட்டாள். அன்றும் இல்லை என்றேன். நேற்று கேட்கும்போது குரல் இன்னும் இறங்கியிருந்தது. "வரலையா? போன் கூடவா பண்ணலை? சரி. அவனுக்கு ஆயிரம் சோலி" என்றாள். உன்னிடமோ, அவள் இறங்கி வர மாட்டேன் என்கிறாள் என்று சொன்னேன். அவளுடைய போன் அணைந்து கிடப்பதும் அதன் பொத்தானை அழுத்தியது நான் என்பதால்தான். புதிய போனில் அதை எப்படித் திறப்பது என்று அவளுக்குத் தெரியாது.

அறை எண் நானூற்றுப் பன்னிரண்டு. லிஃப்டிலிருந்து இடப்பக்கம். கதவைத் தட்டினால் திறப்பாள். நீ எல்லாவற்றையும் சொல்லலாம், தடுக்க எனக்குத் தெம்பில்லை. சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை நீ போய்விடுவாய். பிறகு அந்தக் கோயம்புத்தூர் வீட்டில் நானும் அவளும் இருப்போம். அதை யோசித்துக்கொண்டு லிஃப்டில் ஏறு. இதை உன் கையில் கொடுத்ததும் நான் க்ரீக் கரையோரம் நடக்கப் போகிறேன். திரும்பி வரும்போது நீ சோபாவிலேயே இருந்தால் பக்கத்துக் கடையில் ஒன்றாக டீ குடிக்கலாம். மேலே போயிருந்தால் எனக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடு. நான் கொஞ்சம் தாமதமாக வருகிறேன்.

அப்பா